தகப்பன் தலையில் விழும் கடன்

தர்மபுரி ஜில்லாவில் மோட்டார் விபத்து என்றவுடன் எல்லோருக்கும் தொப்பூர்க் கணவாய்தான் நினைவுக்கு வருகிறது. 2020 டிசம்பர் 12-ந் தேதி பாரம் ஏற்றி வந்த ஒரு லாரி, அங்கே வரிசையாய் நின்ற வண்டிகளின் மேல் பாய்ந்து 4 பேரைக் கொன்றது. 2024 ஜனவரி 24-ந் தேதி அதே இறக்கத்தில் லாரிகளும் கார்களும் ஒன்றோடொன்று மோதித் தீப்பற்றி, மறுபடியும் 4 பேர் மாண்டனர். இப்படிப்பட்ட கோரங்கள் நேரும்போது மந்திரிகள் வருகிறார்கள்; என்ஜினீயர்கள் அளக்கிறார்கள்; பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. எழுத வேண்டியதுதான்.

நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் அதுவன்று. இரண்டு வரிச் செய்தியாய் வந்து, மறு நாளே மறைந்து போகும் சிறிய விபத்துக்களில் ஒரு வகையைப் பற்றியே பேச விரும்புகிறோம். வீட்டிற்கென்று ஒரு கார் இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் தகப்பன் பெயரில் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பாலிஸியும் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஓட்டுகிறவன் மகன். அவனுடைய லைசென்ஸைச் சர்க்கார் சில மாதங்களுக்குச் சஸ்பெண்டு செய்திருக்கிறது. ஆயினும் அவன் ஓட்டுகிறான். வீட்டில் ஒருவரும் தடுப்பதில்லை. ‘அவன் என்ன, ஓட்டத் தெரியாதவனா? காகிதந்தானே இல்லை!’ என்று தாயார் சொல்கிறாள். தகப்பனாரும் அதை மறுத்துப் பேசுவதில்லை. அந்தக் காகிதத்தின் விலை என்னவென்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கே இதை எழுதுகிறோம்.

லைசென்ஸைத் தடுத்து வைக்கும் அதிகாரம் இரண்டு இடங்களில் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-வது பிரிவு அதை ஆர்.டி.ஓ.வுக்கு அளிக்கிறது, 20-வது பிரிவு கோர்ட்டுக்கு அளிக்கிறது. முன்னெல்லாம் இந்த அதிகாரம் அபூர்வமாகவே உபயோகிக்கப்பட்டு வந்தது. சாலைப் பாதுகாப்புக்காகச் சுப்ரீம் கோர்ட்டு நியமித்த கமிட்டி 2015-ல் ராஜ்ய சர்க்கார்களுக்கு ஒரு கட்டளை பிறப்பித்தது. அளவு மீறிய வேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், ஓட்டும்போது டெலிபோனில் பேசுதல், அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல், சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல் ஆகிய குற்றங்களுக்கு அபராதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், குறைந்தது 3 மாதமாவது லைசென்ஸைச் சஸ்பெண்டு செய்ய வேண்டும் என்பது அந்தக் கட்டளை. அது முதல் இவ்வுத்தரவு சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்கும் வந்துவிட்டது. 2023 செப்டம்பரில் காஞ்சீபுரம் அருகே தாமலில் மோட்டார் சைக்கிளில் சாகசம் செய்து விழுந்த ஒரு வாலிபருடைய லைசென்ஸ் 10 வருஷத்துக்குத் தடை செய்யப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் யூடியூபில் பேர் போனவராதலால் ஊரெல்லாம் தெரிந்தது. ஆனால் காரிமங்கலத்திலோ பென்னாகரத்திலோ 3 மாதத் தடை பெற்ற பையனைப் பற்றி எதிர் வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியாது. சில சமயங்களில் சொந்தத் தகப்பனுக்கே தெரியாது.

தடை உத்தரவு பிறந்தால் என்ன ஆகிறது என்பதைச் சட்டத்தின் 23-வது பிரிவு ஐயத்துக்கிடமின்றிச் சொல்லுகிறது. அந்தக் காலம் முழுவதும் லைசென்ஸ் பலனற்றுப் போகிறது. அட்டை பையில் இருக்கலாம். அதன் படம் டெலிபோனில் இருக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு அது இல்லை. முன்பு ஒழுங்காகப் பரீட்சை கொடுத்து வாங்கியது, பத்து வருஷம் விபத்தின்றி ஓட்டியது என்னும் பெருமைகளெல்லாம் அந்த 3 மாதத்துக்குச் செல்லாக் காசுகளே.

இனி இன்ஷூரன்ஸுக்கு வருவோம். நம் நாட்டில் மூன்றாம் மனிதருக்கு நேரும் நஷ்டத்துக்காகக் கட்டாய இன்ஷூரன்ஸ் என்னும் ஏற்பாடு, 1939-ஆம் வருஷத்துச் சட்டத்தில் எழுதப்பட்டு, 1946 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. இங்கிலாந்தில் 1930-ல் செய்த ஏற்பாட்டை ஒட்டியது அது. தெருவில் போகிற ஏழை மோட்டாரில் அடிபட்டு இறந்தால், மோட்டார்க்காரன் கையில் பணம் இல்லை என்ற காரணத்தினால் அவன் பெண்டு பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதே இதன் கருத்து. நல்ல கருத்து. அமெரிக்காவில் ஒரு வீட்டில் யார் யார் கார் ஓட்டுவார்கள் என்று பெயர் பெயராய்க் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கேற்பப் பிரீமியம் விதிக்கிறார்கள். நம் நாட்டில் அவ்வளவு விசாரணை இல்லை. பாலிஸி வண்டியைப் பற்றி நிற்கிறது. யார் ஓட்டினாலும் செல்லும், ஒரே ஒரு நிபந்தனையின் மேல்: ஓட்டுகிறவனிடம் அமலில் உள்ள லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருக்கக் கூடாதென்று தடை செய்யப்பட்டவனாய் அவன் இருக்கக் கூடாது. இந்த ஷரத்து ஒவ்வொரு பாலிஸியிலும் இருக்கிறது. பெரும்பாலும் இங்கிலீஷில், பூதக் கண்ணாடி கொண்டு வாசிக்க வேண்டிய எழுத்தில் இருக்கிறது. பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளி விற்றுக் கார் வாங்கிய குடியானவர் அதை எங்கே வாசிக்கப் போகிறார்?

அந்தக் குடியானவரையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று ஏக்கர் நிலம். ஒரு பழைய கார். 24 வயது மகன். மகன் போக்கிரியல்ல. ஓட்டும்போது டெலிபோனில் பேசிப் பிடிபட்டான். லைசென்ஸ் 3 மாதத்துக்குச் சஸ்பெண்டு. இரண்டு மாதம் கழிந்துவிட்டது. ஒரு நாள் இரவு பெங்களூரிலிருந்து அக்காள் பஸ்ஸில் வந்து தர்மபுரியில் இறங்குகிறாள், கையில் குழந்தை. ‘போய் அழைத்துக்கொண்டு வா’ என்று தகப்பனே சாவியை எடுத்துக் கொடுக்கிறார். வழியில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் மேல் கார் மோதுகிறது. அவர் இறந்து போகிறார். வயது 32, மாதம் ரூ.15,000 சம்பாதித்தவர்; மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார் என்று நாலு பேர் அவரை நம்பியிருந்தவர்கள்.

நஷ்ட ஈடு எவ்வளவு என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி யாரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். 15,000-த்தோடு வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு 40 சேர்த்தால் 21,000. இறந்தவர் தமக்கென்று செலவிட்டிருக்கக் கூடிய நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. வருஷத்துக்கு 1,89,000. அந்த வயதுக்கு உரிய பெருக்கு எண் 16. ஆகவே ரூ.30,24,000. ஈமச் செலவு முதலிய இனங்களும் வட்டியும் இதற்கு மேல். ஒரு வருஷத்துக்கு மூன்றாம் மனிதர் இன்ஷூரன்ஸுக்கு அந்தக் குடியானவர் செலுத்திய பிரீமியம், 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காரானால், 2022-ல் நிர்ணயித்த விகிதப்படி, வரி நீங்கலாக ரூ.3,416. இந்த மூவாயிரத்துச் சில்லறை ரூபாய் அந்த முப்பது லட்சத்திலிருந்து அவரைக் காத்திருக்கும், மகனுடைய லைசென்ஸ் அமலில் இருந்திருந்தால்.

அமலில் இல்லாததால் என்ன ஆகும்? முதலில், காருக்கு ஏற்பட்ட சேதத்துக்குக் கம்பெனி காசு கொடுக்காது. அதில் பெரும்பாலும் தாட்சண்யத்துக்கு இடமே இல்லை. மூன்றாம் மனிதருக்காகக் கோர்ட்டுகள் காட்டும் இரக்கம் சொந்த நஷ்டத்துக்குப் பொருந்தாது என்று 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. இரண்டாவது, மோதியதில் மகனே இறந்திருந்தால்? பாலிஸியோடு சேர்ந்த 15 லட்ச ரூபாய்த் தனி விபத்துக் காப்பு, வண்டிக்குச் சொந்தக்காரர் தாமே ஓட்டும்போது, அதுவும் அமலில் உள்ள லைசென்ஸோடு ஓட்டும்போதுதான் செல்லும். மகன் சொந்தக்காரனும் அல்லன், லைசென்ஸும் இல்லை. மூன்றாம் மனிதன் என்று சொல்லிக் கேட்கவும் வழியில்லை. பிறர் வண்டியை வாங்கி ஓட்டுகிறவன் சொந்தக்காரனின் ஸ்தானத்தில் நிற்கிறான். தன் தவறால் தானே இறந்தால் அவன் வாரிசுகளுக்கு மூன்றாம் மனிதருக்குரிய நஷ்ட ஈடு இல்லை என்பது கோர்ட்டுகளின் முடிவு. கர்நாடகத்தில் அரசிகெரே அருகே 2014-ல் அப்படி இறந்த ஒருவருடைய குடும்பத்தார் 80 லட்ச ரூபாய் கேட்டிருந்தார்கள். 2025 ஜூலை 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவர்களுடைய அப்பீலைத் தள்ளிவிட்டது.

மூன்றாவதுதான் பெரியது. இறந்து போன மோட்டார் சைக்கிள்காரருடைய மனைவிக்கு யார் கொடுப்பது? இங்கே சுவரண் சிங் வழக்கு என்று பெயர் பெற்ற தீர்ப்பை நாம் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 2004 ஜனவரி 5-ந் தேதி மூன்று நீதிபதிகள் கூடிச் சொன்ன தீர்ப்பு அது. கம்பெனிக்காரர்கள் அதைத் தங்கள் பக்கம் இழுத்துப் பேசுகிறார்கள். வக்கீல்கள் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். அதன் சாரம் இதுதான்: ஓட்டியவனிடம் லைசென்ஸ் இல்லை, அல்லது அவன் தடை செய்யப்பட்டவன் என்று மட்டும் காட்டிவிட்டுக் கம்பெனி கை கழுவ முடியாது. சொந்தக்காரர் அஜாக்கிரதையாக இருந்தார், தக்க கவனம் எடுத்துக்கொள்ளவில்லை என்று கம்பெனியே ருஜுப்படுத்த வேண்டும். நிபந்தனையை மீறியது விபத்துக்கு ஒரு காரணமாகவும் இருந்திருக்க வேண்டும். அவ்வளவும் ருஜுவானாலும், அடிபட்டவரை அலைய விடாமல், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

இதைக் கேட்டவுடன் சிலர், ‘பார்த்தீர்களா, கம்பெனிதானே கொடுக்கிறது!’ என்று ஆறுதலடைகிறார்கள். இந்த ஆறுதல் பாதி வாசிப்பின் பயன். கம்பெனி கொடுப்பது விதவைக்கு, நமக்கல்ல. கொடுத்த பணத்தை அது நம்மிடம் கேட்க வரும். தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து 30 நாளில் கட்டாவிட்டால் தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சர்டிபிகேட் அனுப்பும். 174-வது பிரிவின்படி நில வரிப் பாக்கியை வசூலிப்பது போல வசூலிக்கப்படும். நில வரிப் பாக்கியை வசூலிப்பது எப்படி என்று தர்மபுரிக் குடியானவனுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. 1864-ஆம் வருஷத்தில் வெள்ளைக்காரன் இயற்றிய வருவாய் வசூல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. சாமான் ஜப்தி, நிலம் ஜப்தி, தண்டோரா, ஏலம் எல்லாம் அதில் உண்டு. மூன்று ஏக்கருக்குப் பட்டாவும் சிட்டாவும் வைத்திருக்கும் மனிதர், ஒரு நாளும் கிஸ்தி பாக்கி வைக்காதவர், மகன் ஒரு ராத்திரி ஓட்டிய கார் காரணமாகக் கிஸ்தி பாக்கிக்காரரைப்போல் தாலூகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டி வரும்.

‘எனக்குத் தெரியாமல் நடந்தது’ என்று அவர் சொல்லக் கூடாதா? சொல்லலாம். ஆனால் யார் சொல்லுகிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது. குஜராத் வழக்கொன்றில் லாரி டிரைவர் இறங்கிப் போயிருந்தபோது கிளீனர் வண்டியை ஓட்டி விபத்து நேர்ந்தது. சொந்தக்காரர் லைசென்ஸ் உள்ள டிரைவரையே நியமித்திருந்தார். கிளீனர் ஓட்டுவான் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. 1987-ல் சுப்ரீம் கோர்ட்டு கம்பெனியே பொறுப்பு என்றது. டிரைவர் காட்டிய லைசென்ஸ் போலியென்று பிற்பாடு தெரிந்த வழக்குகளிலும், நல்ல நம்பிக்கையோடு வேலைக்கு வைத்த முதலாளியைக் கோர்ட்டுகள் காப்பாற்றியிருக்கின்றன. மூன்று வருஷமாய்ப் புதுப்பிக்காத லைசென்ஸோடு டிரைவரை வண்டியோட்ட விட்ட முதலாளியை 2020-ல் காப்பாற்றவில்லை. ஒரு தரம் பார்த்ததோடு கடமை தீராது, காலாவதியாகும் தேதியையும் கவனித்திருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. சம்பளத்துக்கு வந்த அந்நியனைப் பற்றியே இவ்வளவு எதிர்பார்க்கும் சட்டம், ஒரே கூரையின்கீழ் ஒரே சட்டிச் சோறு சாப்பிடும் மகனைப் பற்றித் தகப்பன் ‘தெரியாது’ என்றால் எவ்வளவு தூரம் நம்பும்? அதிலும் நம் குடியானவர் தம் கையாலேயே சாவியைக் கொடுத்திருக்கிறார்.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். உண்மையிலேயே தெரியாத தகப்பன்மார் இருக்கிறார்கள். 24 வயதுப் பையன் தனக்கு வந்த உத்தரவைத் தகப்பனுக்குப் பயந்து பெட்டிக்குள் போட்டுவிட்டு வாய் திறக்காமலிருப்பது உலகத்தில் நடவாத விஷயமா? அப்படிப்பட்ட தகப்பன் வழக்காடி வெல்லக்கூடும். தெரிந்திருந்தார் என்பதைக் கம்பெனிதான் ருஜுப்படுத்த வேண்டும். ஆனால் தர்மபுரித் தீர்ப்பாயத்திலிருந்து சென்னை ஹைகோர்ட்டு வரை வழக்காடி வெல்லுவது மூன்று ஏக்கர்க்காரருக்கு எளிதன்று. வென்ற பிறகும் அவர் கையில் மிஞ்சுவது எவ்வளவென்று வக்கீல் குமாஸ்தாவைத்தான் கேட்க வேண்டும்.

கிரிமினல் தண்டனையைப் பற்றி இரண்டு வார்த்தை போதும். தடைக் காலத்தில் ஓட்டியவனுக்கு 182-வது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். ஓட்டவிட்ட சொந்தக்காரருக்கு 180-வது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000, அல்லது இரண்டும். ஜனங்கள் பயப்படுவது இந்த ஐயாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும்தான். போலீஸ்காரர் நிற்காத குறுக்குச் சாலை எதுவென்று விசாரித்துக்கொண்டு போவதும் இதனால்தான். முப்பது லட்சம் அவர்கள் கண்ணில் படவேயில்லை.

ஏன் படவில்லை? இங்கேதான் சர்க்கார் மீது நாம் குற்றம் சாட்டுகிறோம். சாலையில் ஒரு கார் விதி மீறினால் போலீஸார் வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளுகிறார்கள். நம்பரைக் கொண்டு சொந்தக்காரர் யாரென்று ஒரு நிமிஷத்தில் தெரிகிறது. அபராதச் செய்தி அவருடைய டெலிபோனுக்குப் போகிறது. அபராதம் வசூலிக்க வேண்டியிருக்கும்போது சர்க்காருக்குத் தகப்பன் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாம் தெரிகின்றன. அதே குற்றத்துக்காக லைசென்ஸைச் சஸ்பெண்டு செய்யும்போதோ, உத்தரவு மகன் பெயருக்குப் போகிறது. தகப்பனுக்குத் தெரிவிக்க வேண்டுமென்று சட்டத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை. ரூபாய் ஆயிரம் சர்க்காருக்கு வர வேண்டுமானால் அறிவிப்பு உண்டு. ரூபாய் முப்பது லட்சம் குடியானவன் வீட்டிலிருந்து போகும் ஆபத்து நேர்ந்தால் அறிவிப்பு இல்லை. இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

இதற்கு ஒரு கெட்டிக்கார ஆட்சேபம் உண்டு. வக்கீல் நண்பர் ஒருவரே நம்மிடம் சொன்னார்: ‘நீங்கள் கேட்கிறபடி தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பினால், தெரியாது என்று சொல்லித் தப்பும் வழியையும் அடைத்துவிடுகிறீர்களே! கம்பெனிக்காரன் அந்த நோட்டீஸையே சாட்சியாகக் கொண்டுவந்து காட்டுவானே!’ உண்மைதான். நாம் அதை மறைக்கவில்லை. ஆனால் அறியாமையைக் கவசமாகக் கொண்டு கோர்ட்டில் நிற்பதைவிட, அறிந்து சாவியைப் பெட்டியில் பூட்டி வைப்பது மேல் என்பது நமது அபிப்பிராயம். கவசம் எத்தனை பேரைக் காத்தது என்பது வேறு. பூட்டிய சாவி, மோட்டார் சைக்கிளில் வந்த அந்த 32 வயது மனிதனையும் சேர்த்துக் காத்திருக்கும். நண்பர் தலையை ஆட்டினார்; ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

கம்பெனிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. வருஷா வருஷம் பாலிஸியைப் புதுப்பிக்கும்போது வண்டி நம்பரையும் பணத்தையும் தவிர வேறெதையும் கேட்பதில்லை. வீட்டில் யார் ஓட்டுகிறார்கள், அவர்கள் லைசென்ஸ் அமலில் இருக்கிறதா என்ற கேள்வி விபத்துக்குப் பிறகுதான் பிறக்கிறது. விபத்துக்குப் பின் ஒரே நாளில் சர்க்கார் பதிவிலிருந்து தடை உத்தரவைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம், பிரீமியம் வாங்கும்போது எங்கே போய்விடுகிறது? தமிழ்நாட்டில் விற்கும் பாலிஸியின் முதல் பக்கத்தில், ஓட்டுநர் ஷரத்தைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட்டால் எந்தக் கம்பெனியும் முழுகிப் போகாது.

இன்னொரு கவலையையும் குறிப்பிட வேண்டும். 2019-ல் பார்லிமெண்டு செய்த திருத்தங்களில் இன்ஷூரன்ஸ் பற்றிய அத்தியாயம் 2022 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. பழைய 149-வது பிரிவின் இடத்தில் 150-வது பிரிவு நிற்கிறது. தடை செய்யப்பட்டவன் ஓட்டினால் கம்பெனி ஆட்சேபிக்கலாம் என்பது அதில் அப்படியே இருக்கிறது. குடித்து ஓட்டியதும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. புது வாசகத்தின்படி, முதலில் கொடுத்துப் பிறகு வசூலிக்கும்படி தங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று கம்பெனிகள் வாதாடத் தொடங்கியிருக்கின்றன. இந்த வாதம் நிலைத்தால் இறந்தவருடைய மனைவி நேரே குடியானவரின் மூன்று ஏக்கரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அது விற்றால் என்ன கிடைக்குமோ அதுதான் அவளுக்குக் கிடைக்கும். இரண்டு குடும்பங்கள் கெடும். கம்பெனி மட்டும் சௌக்கியமாயிருக்கும். 1946-ல் எந்த ஏழைக்காக இந்த ஏற்பாடு வந்ததோ, அவனைக் கைவிடும் வியாக்கியானத்தைக் கோர்ட்டுகள் ஏற்கக் கூடாது. வேண்டுமானால் பார்லிமெண்டு சட்டத்தைத் தெளிவாகத் திருத்தட்டும்.

‘சித்தேரி மலையிலும் பென்னாகரத்துக் காட்டோரத்திலும் ராத்திரி பஸ் ஏது? வீட்டுக் காரை ஓட்டாமல் என்ன செய்வது?’ என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அந்தக் கஷ்டத்தை நாம் அறிவோம். பிரசவ வேதனையோடு ஒருத்தி துடிக்கும்போது சட்டப் புத்தகத்தைப் புரட்டச் சொல்லும் அளவுக்கு நாம் கல் நெஞ்சரல்ல. 108 வண்டி வரும் வரை காத்திருக்க முடியாத சமயங்களும் உண்டு. ஆனால் தடைக் காலத்தில் நடக்கும் சவாரிகளில் நூற்றுக்கு எத்தனை அப்படிப்பட்டவை? கல்யாணத்துக்குப் போகவும், டீக்கடைக்குப் போகவும், ஒகேனக்கல் பார்க்கவும் போகிறவையே மிகுதி. 3 மாதத்துக்கு லைசென்ஸ் உள்ள ஓர் ஆளை அவ்வப்போது கூலிக்கு அழைத்துக்கொள்வது பெருஞ்செலவன்று. உத்தரவு அநியாயமென்று தோன்றினால் 30 நாளில் அப்பீல் செய்யச் சட்டத்தில் வழியிருக்கிறது. உத்தரவுக்கு முன்னால் தன் கட்சியைச் சொல்லிக்கொள்ளவும் பையனுக்கு உரிமையுண்டு. அந்த உரிமையைச் செலுத்தாமல் நோட்டீஸைக் கிழித்தெறிகிற வழக்கம்தான் பரவியிருக்கிறது.

நம் பத்திரிகையை வாசிக்கும் ஊழியர்கள் பலர், கிராமத்தாருக்காக மனு எழுதிக் கொடுத்து, தாசில்தார் முதல் கலெக்டர் வரை ஏறி இறங்குகிறவர்கள். அவர்களுக்கு ஒரு காரியம் சொல்லுகிறோம். கார் உள்ள வீட்டுக்குப் போகும்போது, ஓட்டுகிற பையனின் லைசென்ஸ் நம்பரையும் பிறந்த தேதியையும் கேட்டு வாங்கிச் சர்க்காருடைய பரிவாகன் தளத்தில் போட்டுப் பாருங்கள். அமலில் இருக்கிறதா, தடைப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். தகப்பன் பக்கத்தில் இருக்கும்போதே பாருங்கள். வரும் அக்டோபர் 2-ந் தேதி கிராம சபை கூடும்போது, லைசென்ஸ் தடை உத்தரவின் நகல் வண்டிச் சொந்தக்காரருக்கும் தமிழில் அனுப்பப்பட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். இதற்குப் புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குற்றச் சீட்டிலேயே வண்டி நம்பர் இருக்கிறது. தர்மபுரி ஆர்.டி.ஓ. ஆபீஸ் மனம் வைத்தால் அடுத்த வாரமே தொடங்கலாம். தபால் செலவு யார் தலையில் என்று கேட்டால், தடை பெற்றவனிடமே வசூலித்துக்கொள்ளட்டும், நமக்கு ஆட்சேபமில்லை.